பின்னறையின் கிழக்குச் சுவர்

1911 ஆகஸ்ட் 7, திங்கள்

பள்ளிக்கூட வேலையை விட்டு வந்தபோது கொண்டுவந்த அடிக்கோல் இன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. பின்னறையை அளந்தேன். நீளம் பதினோரு அடி, அகலம் எட்டரை அடி. கூடத்தைப் பார்த்து ஒரு கதவு. சன்னல் கிடையாது.

மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பங்கரை. தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. வடக்குச் சுவருக்குப் பின்னால் குளிக்கிற இடம். முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது. கிழக்குச் சுவர் ஒன்றுதான் வெளியைப் பார்த்தது, அதற்கப்பால் கிணறும் முருங்கை மரமும். உருப்படியான சுவர் அது ஒன்றுதான், அதில் விளக்கு வைக்க ஒரு மாடாக்குழி கூட இல்லை. பரணில் புளிப்பானை, கருப்பட்டி வைத்த ஓலைக் கொட்டான், வத்தல் மூட்டை. உத்திரத்தில் தொட்டில் கட்டும் வளையம் துருப்பிடித்துக் கிடக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருஷம் தவறாமல் வீடு முழுக்க வெள்ளையடிக்கிறோம், இந்த அறையைத் தவிர. விருந்தாளி பார்க்காத அறைக்கு எதற்கு என்பார் மைனி, என் வீட்டுக்காரரின் அக்கா. ஆனால் இந்த வீட்டுப் பிள்ளைகள் பிறப்பதெல்லாம் இங்கேதான்.

என் மகளும் இங்கேதான் பிறந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபரில். ஒன்பது நாள் இருந்தாள். மூன்றாம் நாள் புகையும் புழுக்கமும் தாங்காமல் நான் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து மைனி என்னைக் குற்றம் சொன்னதே இல்லை. யார் வந்து துக்கம் கேட்டாலும், "கதவு திறந்திருந்தது" என்று மட்டும் சொல்வார். அந்த இரண்டு சொல் போதும்.

இப்போது ஐந்தாம் மாதம். டிசம்பரில் மறுபடியும் இதே அறையில் படுக்கப் போகிறேன். எனக்குத் தாய்வீடு இல்லை. அம்மா போய்விட்டாள், அண்ணன் கொழும்பில். சரி, இங்கேதான் என்றால் இங்கேதான். ஆனால் இந்த அறை இப்படியே இருக்காது.

ஆகஸ்ட் 8

நேற்று அளந்ததை மைனி பார்த்திருக்கிறார். "என்னத்த அளக்குத?" என்றார். பாய்க்கு அளவு என்றேன். கர்த்தர் மன்னித்துவிடுவார். மைனிக்குத் தெரிந்தால் அவர் மன்னிக்க மாட்டார்.

ஆகஸ்ட் 12, சனி

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தூத்துக்குடியிலிருந்து சாயங்கால ரயிலில் வந்தார். சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன்: சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும், பரணைக் காலி செய்ய வேண்டும், கிழக்கில் ஒரு சன்னல் வைக்க வேண்டும்.

கிருபைராஜ் என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, இவருக்கு எல்லாரிடமும் கிருபைதான். "வெள்ளையடி, யாரு வேண்டாம்னா? சன்னல் பிள்ளை பிறந்த பொறவு பார்ப்போம்" என்றார்.

பிறந்த பிறகு எதற்கு? பிறக்கிறதற்குத்தானே?

மைனி உள்ளிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். "வயித்துப்பிள்ளைக்காரி இருக்க வீட்டுல கடப்பாரை படப்பிடாது. சுவத்த இடிக்கப்பிடாது. ஆணி கூட அடிக்கப்பிடாது. இது தெரியாதா உனக்கு?"

"வேதத்துல எங்கன இருக்கு மைனி?"

"எல்லாத்தையுமா எழுதி வச்சிருக்கும்?"

கோயில் உபதேசியாராக இருந்த என் மாமனார் தேவதாசனின் மகள் சொல்கிற பதில் இது. மாமா உயிரோடிருந்தால் எழுந்து பிரசங்கம் பண்ணியிருப்பார். இவரோ எச்சில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஒரு தரம் அக்கா சொல்லுதத கேளேன் ஹெப்சி" என்றார், பைய.

போன தரமும் கேட்டேன். கேட்டு என்ன கிடைத்தது?

ஒன்றை மறக்காமல் எழுத வேண்டும். மைனி இவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். பிரசவத்தில் தாய் போன பிள்ளையை மடியில் வாங்கி வளர்த்தவர்; அதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று நின்றவர். அந்த மரியாதை என் மனதில் உண்டு. அதற்காக இருட்டில் கிடக்க முடியாது.

ஆகஸ்ட் 14

பூதலிங்கம் கொத்தனாரை வரவழைத்தேன். கயிறும் மட்டமுமாக வந்தார். சுவரைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை. என் வயிற்றைத்தான் பார்த்தார்.

"தாயி, நீங்க குடுக்கதைக் குடுங்க, குடுக்காட்டியும் போங்க. இப்பம் இந்தச் சுவத்துல நான் கை வைக்க மாட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

சன்னல்தான் முடியாது. மற்றதற்குக் கொத்தனார் எதற்கு? எனக்குக் கை இருக்கிறது.

ஆகஸ்ட் 17

பரணைக் காலி செய்தேன்.  ஒவ்வொரு பானையாக நான் வெளியே வைக்க வைக்க, மைனி அதை எடுத்து வேறிடத்தில் டொக்கென்று வைத்தார். பேசியிருந்தால் இவ்வளவு சத்தம் வந்திருக்காது.

பிறகு தேங்காய்ச் சிரட்டையால் சுவரைச் சுரண்டினேன். முதலில் கரி, அடியில் மஞ்சளாக ஒரு பூச்சு, அதற்கும் அடியில் நல்ல வெள்ளை. ஒரு காலத்தில் இதுவும் அறையாகத்தான் இருந்திருக்கிறது. குனியாமல் முக்காலியில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு சுவர் என்று செய்கிறேன். உள்ளே இருப்பது இன்றைக்கு முதல் தடவையாக உதைத்தது. வேலைக்காரப் பிள்ளை.

ஆகஸ்ட் 21

கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்தது. பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் பொங்கிக் கொதித்தது. ஆறவைத்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டினேன். பனை மட்டையின் நுனியைத் தட்டி நார் நாராக்கித் தூரிகையும் ஆயிற்று.

மிஷன் பங்களாச் சுவர்கள் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளக்குமே, அதில் கருப்பட்டி சேர்ப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். பரணிலிருந்து இறக்கிய கொட்டானில் கருப்பட்டி நிறைய இருந்தது. நான்கு வட்டைத் தட்டிக் கரைத்துச் சுண்ணாம்பில் ஊற்றினேன். மைனி பார்த்துக்கொண்டே இருந்தார்.  உதட்டின் ஓரம் மட்டும் லேசாக அசைந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 23

நான்கு சுவரும் அடித்தாயிற்று. மேலே எட்டாத இடம் மட்டும் அவருக்காக மிச்சம். விரலெல்லாம் சுண்ணாம்பு கடித்து எரிகிறது, தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன். நிறம் வெள்ளையாக வரவில்லை, புதுப் பாய் நிறத்தில் இருக்கிறது. பளபளப்பும் இல்லை. காய்ந்தால் வரும்.

ஆகஸ்ட் 25

எறும்பு வந்திருக்கிறது.

இரண்டோ மூன்றோ அல்ல. பாளையங்கோட்டை எறும்பெல்லாம் என் வீட்டில்தான். நான்கு சுவரிலும் மேய்கின்றன. மைனி வாசற்படியில் நின்று பார்த்தார். இரண்டு வாரம் கழித்து முதல் தடவையாகப் பேசினார்: "பாயசம் நல்லாத்தான் வச்சிருக்க."

அழுகை வந்தது. அவர் தலை மறைகிற வரைக்கும் அழவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

இதைக் கவனமாக எழுத வேண்டும்.

மூன்று சுவரில் எறும்பு கண்டபடி போகிறது. கிழக்குச் சுவரில் மட்டும் கோடு போட்டுப் போகிறது. நேர்கோடு. என் இடுப்பு உயரத்தில் தொடங்கி மேலே, பிறகு குறுக்கே, பிறகு கீழே. விரிசல் ஒன்றுக்குள் நுழைந்து மறு விரிசலில் வெளியே வருகின்றன. பென்சிலால் அந்தக் கோட்டின் மேலேயே வரைந்தேன். அடிக்கோல் வைத்து அளந்தேன். அகலம் இரண்டரை அடி, உயரம் மூன்றடி. நாலு மூலையும் செங்கோணம்.

கோட்டுக்கு வெளியே தட்டினால் சுவர் கல் மாதிரி. உள்ளே தட்டினால் டொப் டொப் என்கிறது.

இங்கே சன்னல் இருந்திருக்கிறது. யாரோ அடைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் அவர் வந்து எறும்பைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். கோட்டைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. "எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லயிருந்து சன்னல் இல்ல" என்றார். கூடத்தில் மைனி புடைத்துக்கொண்டிருந்த சொளகுச் சத்தமும் நின்றுபோயிற்று.

ஆகஸ்ட் 28

பூதலிங்கம் மறுபடியும் வந்தார், கருவி இல்லாமல். கருப்பட்டியைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது கடுக்காத் தண்ணியோட சேத்துக் காரைக்குள்ள போடுதது தாயி. வெள்ளைக்கு யாரு போடுவா?" பிறகு கோட்டுக்குள் கை வைத்துத் தடவினார்.

"இது எங்க அய்யா கை. ஆனா அவுக வேலை மாதிரி இல்ல. காரை இல்லாம வெறும் மண்ணு வச்சு அடச்சிருக்கு. அவசர வேலை." தன் அப்பா சொன்னதை நினைவுபடுத்திச் சொன்னார்: "உங்க மாமியா செத்த வாரம்னு அய்யா சொல்லுவாக. அழுகைச் சத்தம் அடங்காத வீட்டுல வேலை செஞ்சேன்னு."

அவர் போனதும் நேரே அடுப்பங்கரைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. போனேன்.

"சன்னல் இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியும். ஏன் மைனி சொல்லல?"

மைனி அடுப்பை ஊதினார்.

எனக்கு என்ன வந்ததோ — "ரெண்டு வருசமா கதவு திறந்திருந்துச்சு, கதவு திறந்திருந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கிய. எம் பிள்ளை மூச்சு முட்டிச் செத்துச்சா, காத்துப் பட்டுச் செத்துச்சா, யாருக்குத் தெரியும்? அடச்சி வச்ச அறையிலதான செத்துச்சு?" — கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் கிணற்றில் வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

மைனி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அடுப்பு அணைந்துவிட்டது. நான் மறுபடியும் மூட்டினேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 29

அவர் சமைத்ததை நான் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். நான் துலக்கிய பாத்திரத்தை அவர் மறுபடியும் துலக்கினார்.

ஆகஸ்ட் 30

மத்தியானம் மைனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து உருவினேன், வேலை நடக்க வேண்டுமே என்று. தலை நிமிராமலே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்கு அப்பம் பதிமூணு வயசு. கிருபை பிறந்து ரெண்டாம் நாளு. அம்மைக்கு உடம்பு கொதிக்கி. காத்து, காத்துன்னு கேட்டா. எல்லாரும் தொறக்காத தொறக்காதன்னாவ. ஆளு இல்லாத நேரம் பாத்து நான் தொறந்துட்டேன். அம்மை என்னையப் பாத்துச் சிரிச்சா. விடிஞ்சா அவ இல்ல."

கீரையை உருவிக்கொண்டே இருந்தார். வெறும் காம்பையும் உருவினார்.

"அப்பா என்னைய ஒரு வார்த்தை கேக்கல. யாரு தொறந்தான்னு கூடக் கேக்கல. மூணாம் நாள் கொத்தனைக் கூட்டியாந்து அடச்சாரு. அவ்வளவுதான். இருவத்தெட்டு வருசம் ஆச்சு. கேட்டிருந்தா நான்தான்னு சொல்லியிருப்பேன்."

பிறகு ஒன்று சொன்னார். அதை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

"நீ கதவத் தொறந்தேன்னு கேட்டப்பம், எனக்கு ஒரு ஆறுதல் மாதிரி இருந்துச்சு ஏட்டி. நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு."

எனக்குக் கோபம் வந்தது. இரக்கமும் வந்தது. கோபம்தான் முதலில் வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு வருஷம் நான் கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்தது இதற்காகவா?

"மைனி, உங்க அம்மை காய்ச்சல்ல போனாவ. நீங்க தொறக்கதுக்கு முன்னாலயே உடம்பு கொதிச்சிருக்கு. நீங்கதான இப்பம் சொன்னிய?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா அவிய கேட்டதை நீங்க ஒருத்திதான் குடுத்திருக்கிய."

கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இரவுச் சாப்பாட்டில் கீரையில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. முழுதும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 2, சனி

அவரிடம் நான் சொல்லவில்லை. அதை மைனிதான் சொல்ல வேண்டும். சொன்னாரா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் போகும்போது அக்காவின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார் (இந்த வரி மறுநாள் சேர்த்தது).

செப்டம்பர் 6

சன்னல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சுவரைக் கழுவிவிட்டேன், எறும்பு குறைந்திருக்கிறது. பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அழிக்க மாட்டேன். யார் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கோடு அங்கேதான் இருக்கும்.

செப்டம்பர் 11, திங்கள்

காலையில் கிணற்றடியில் இருந்தேன். டம், டம் என்று வீடே அதிர்கிற சத்தம். ஓட முடியாது, வேகமாக நடந்து போனேன்.

மைனி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் தேங்காய் உரிக்கிற கடப்பாரையோடு. கிழக்குச் சுவரில், என் கோட்டுக்குள்ளே, நடுவில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெயில் ஒரு கோலாக எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது.

"மைனி, கடப்பாரை படப்பிடாதுன்னு—"

"நீ வெளிய போ. தூசி. வயித்துப்பிள்ளைக்காரி இங்கன நிக்கப்பிடாது."

"நீங்க எதுக்கு..."

"நான்தான் தொறந்தேன். நான்தான் தொறக்கணும்." மறுபடியும் ஓங்கினார்.

மத்தியானத்துக்குள் முழுவதும் விழுந்துவிட்டது. உள்ளே பழைய மரச் சட்டம், மூன்று கம்பி, ஒரு கம்பி துருப்பிடித்து ஒடிந்திருக்கிறது. எறும்புக் கூடு ஒன்று. அதை மட்டும் மைனி முறத்தில் அள்ளிப் போய் முருங்கை அடியில் கொட்டினார். பிறகு கை கால் கழுவாமலே அந்த அறையின் நடுவில் உட்கார்ந்து வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 12

சொர்ணாம்பாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள்: "வயித்துப்பிள்ளைக்காரி வீட்டுல இப்படிச் செய்யலாமா அக்கா? உங்க வேதத்துல இதெல்லாம் இல்லியா?"

மைனி சொன்னார்: "எங்கன இருக்கு, எடுத்துக் காட்டு பாப்போம்."

உள்ளே நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

செப்டம்பர் 15

பூதலிங்கம் தானாகவே வந்து நிற்கிறார். புதுக் கம்பியும் கதவும் வைத்துத் தருகிறாராம். அன்றைக்குக் கை வைக்க மாட்டேன் என்றீரே அண்ணாச்சி என்று கேட்டேன். "இடிக்கத்தான் கூடாது தாயி. இடிச்சாச்சுல்லா. வைக்கலாம், தோசமில்ல" என்றார்.

அக்டோபர் 7, சனி

புதிதாகச் சுண்ணாம்பு. இந்த முறை கஞ்சித் தண்ணீர்தான். கருப்பட்டிக் கொட்டானை மைனி எங்கோ ஒளித்து வைத்துவிட்டார்.

துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து சுவரில் மூன்று திட்டு அடித்துக் காயவிட்டோம். எனக்கு நடுவிலுள்ளது பிடித்தது. அவருக்கு வெள்ளையே போதும். மைனி மூன்றையும் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், வெயில் தாழ்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு, கடைசியிலுள்ள அழுத்தமான நீலத்தைக் காட்டினார். பேறு அறைக்கு இவ்வளவு நீலமா என்றார் இவர். "நீயா படுக்கப் போற?" என்றார் மைனி. நான் விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுப்பது எனக்கும் தெரியும், எழுதி வைக்கிறேன்.

மேல் சுவரை அவரே முக்காலியில் ஏறி அடித்தார். சட்டையெல்லாம் நீலம்.

நவம்பர் 20

ஐந்து நாளாக மழை. சன்னல் கதவின் அடியில் தண்ணீர் கசிகிறது. சாக்கு வைத்திருக்கிறேன். சாரல் முகத்தில் பட்டது, குளிர்ந்தது. அப்போது பயம் வந்தது. எல்லாரும் சொன்னது சரியாக இருந்துவிட்டால்?

பயம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். பயத்தோடுதான் திறந்து வைக்கிறேன்.

டிசம்பர் 13, புதன்

பென்சிலில் எழுதுகிறேன். பெண். விடிந்து வெகுநேரம் கழித்து. மருத்துவச்சி அலிமா பீவி கையைக் கழுவியதும் முதல் வேலையாகச் சன்னலை மூடப் போனாள். மைனி குறுக்கே நின்றார். "மழையில்ல. வெயில்தான். கிடக்கட்டும்."

டிசம்பர் 15

மூன்றாம் நாள். பால் குடிக்கிறாள்.

டிசம்பர் 17

அவர் பார்த்துவிட்டுப் போனார். உத்திரத்து வளையத்தை மணல் போட்டுத் தேய்த்துத் துருப் போக்கினார். தொட்டில் கட்டவில்லை. யாரும் கட்டச் சொல்லவில்லை.

டிசம்பர் 21

ஒன்பதாம் நாள்.

மைனி காலையிலிருந்து சன்னலடியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு மூட்டவில்லை, பழையதுதான் சாப்பிட்டோம்.  பிள்ளை குடித்தாள், தூங்கினாள், நனைத்தாள், மறுபடியும் குடித்தாள். வெயில் நீலச் சுவரில் ஏறி, நகர்ந்து, இறங்கிப் போயிற்று. என் மூத்தவளை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு இந்தச் சுவர் கிடைக்கவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

பத்தாம் நாள். மைனி தன் பழைய கண்டாங்கிச் சேலையில் தொட்டில் கட்டினார்.

பத்து மணிக்குச் சொர்ணாம்பாள் பிள்ளை பார்க்க வந்தாள். வாசற்படியிலேயே தோளைக் குறுக்கிக்கொண்டாள். "மார்கழிக் காத்து இப்படி உள்ள வருதே. பச்சைப் பிள்ளை இருக்க அறையில யாரு சன்னலத் தொறந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மைனி தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"நான்தான் தொறந்தேன்."

பிள்ளை ஒரு தும்மல் போட்டாள். மூன்று பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மறுபடியும் தூங்கிவிட்டாள்.